அம்சா அக்காவின் அமுக்கு மூக்குத்தி

சிரிக்க வைக்கிறேன். சத்தியம். துரைக்கண்ணு மாமா கடைசியில் ஒரு முழி முழித்தார் பாருங்கள், அந்த முழிக்கு மட்டும் தனி டிக்கெட் போட்டு வசூல் பண்ணலாம். ஆனால் அதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடுவீர்கள். வண்டி விழுப்புரத்திலேயே காலி. அதனால் முழி கடைசி ஸ்டாப்பிங்கில்தான். நடுவில் யாரும் குதிக்கக் கூடாது.

நடுவில் இருப்பது சிரிக்கிற விஷயமும் இல்லை. ஒரு புண்.

நான் கொளஞ்சி. அம்சா அக்காவுக்குத் தங்கச்சி. டைப்ரைட்டிங் படிக்க வேண்டும் என்று சொல்லி விழுப்புரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரல் ஓடவில்லை. வாய்தான் ஓடியது. எந்தக் குரலை ஒரு தடவை கேட்டாலும் மறுதடவை அது என் தொண்டையிலிருந்து வரும். பால்காரர் குரலில் கதவைத் தட்டி அக்காவைப் பாத்திரத்தோடு ஓடிவர வைப்பேன். மாமா குரலில் "போலாம் ரைட்" சொல்லித் தெருவில் ஒரு சைக்கிளைக் கிளப்பியே விட்டிருக்கிறேன்.

மாமா விழுப்புரம் திண்டிவனம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, காக்கி பேன்ட், இடுப்பில் பெல்ட், அதற்கு மேல் மோதிக்கொண்டு தொங்கும் தோல் பை. அந்தப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குற்றம் அதனுடையது.

அந்த வருஷம் தை மாதம் அக்காவுக்கு மஞ்சக்காமாலை. கண், நகம் எல்லாம் மஞ்சள். திண்டிவனம் டாக்டரம்மா விசாலாட்சிதான் பார்த்துக் கரையேற்றினார். ஆனால் மாமா ஒரே ஆளை நம்புகிறவர் இல்லை. காணைக்குப் பக்கத்தில் அவர் சொந்த ஊர் மாரியம்மனிடமும் ஒரு மனு போட்டு வைத்தார். "அம்சா எழுந்து நடந்தா ஆடியில செடல் போட்டுக்கறேன் தாயே."

அக்கா எழுந்து நடந்தாள். ஆடியும் வந்தது.

செடல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் சதையைப் பிடித்துக் கொக்கி குத்துவார்கள். கொக்கியில் கயிறு கட்டி, மேளம் அடிக்க, சாமி சப்பரத்தை இழுத்துக்கொண்டு தெரு சுற்ற வேண்டும். மாமா இழுத்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அக்கா அழுதுகொண்டே பின்னால் நடந்தாள். நான் சீட்டி அடித்தேன்.

கொக்கியைப் பிடுங்கி திருநீறு அப்பும்போது பூசாரி பச்சைமுத்து ஒரு வார்த்தை சொன்னார். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு படியுங்கள், அப்போதுதான் குரல் சரியாக வரும்.

"வெரதம் சுத்தமா இருந்தவனுக்கு இது கொசுக்கடி. தானா ஆறிடும். ஆறாம சீழ் வெச்சிதுன்னா, அவன் வாய் எங்கியோ தப்பு பண்ணிருக்குதுன்னு அர்த்தம். வேண்டிக்கினது திரும்பிப் பூடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். மாமா மட்டும் எச்சில் விழுங்கினார். அதை அக்கா பார்த்தாள். அக்கா பார்த்ததை நான் பார்த்தேன்.

விழுப்புரம் திரும்பிச் சில நாளில் மாமாவின் வலது பக்கம் நன்றாக ஆறி, பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வேறு சில அதிசயங்கள் நடந்தன.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்திராத மனிதர், விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய்த் தன் பனியனைத் தானே துவைத்தார். இடது தோளில் தொங்கிய பை வலது பக்கம் மாறியது. நடக்கும்போது ஒரு பக்கமாகக் கூட்டம் ஏற்றிய பஸ் மாதிரி சாய்ந்து நடந்தார். வேலைக்குக் கிளம்பும் முன் அக்காவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, கீழ் இமையை விரலால் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார்.

"இன்னாங்க இது, தெனம் கண்ணைப் புடிச்சி இழுக்கறீங்க?"

"சும்மாதான். மஞ்சளா இல்லியே?"

"நேத்தும் இல்ல. இன்னிக்கும் இல்ல. விடுங்க, அடுப்புல பால் இருக்குது."

ஒரு மதியம் லீவில் வந்து சுருண்டு படுத்தார். அந்த மதிய வெயிலில் போர்வை கேட்டார். தூக்கத்தில் புரண்டபோது சட்டை மேலேறிவிட்டது. அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

ஒரு பழைய துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். மஞ்சளும் திருநீறும் குழைத்து அப்பியது காய்ந்து, துணியே பலகை மாதிரி நின்றது. அதைச் சுற்றிச் சதை சிவந்து பளபளத்தது. அக்கா கையைக் கிட்டே கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டாள். அவ்வளவு சூடு. துணிக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு விலாப்பக்கமாக ஏறத் தொடங்கியிருந்தது.

இந்த இடத்தில் நானும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெரு சின்னதுரை காலில் ஆணி ஏறி, இதே மாதிரி மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்தவர்தான். ரணஜன்னி வந்து தாடை பூட்டிக்கொண்டது. ஒரு மடக்குத் தண்ணீர் இறங்காமல் போய்ச் சேர்ந்தார்.

கொல்லைப் பக்கம் வந்து அக்காவிடம் சொன்னேன், "நேரா கேட்டுட வேண்டியதுதானேக்கா?"

"கேட்டா இன்னா சொல்லுவாரு?"

மாமா குரலில் சொன்னேன். "புண்ணா? யாருக்குப் புண்ணு? அதெல்லாம் என்னிக்கோ ஆறிப்போச்சு. நீ சோத்தைப் போடு, ட்ரிப்புக்கு லேட்டாவுது."

"அதேதான். கேட்டா இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிக் கட்டிக்குவாரு. டாக்டர் வீட்டுத் தெரு பக்கம்கூட பஸ்ஸை நிறுத்த மாட்டாரு."

"பூசாரி சொன்னதுக்கு பயப்படறாரா? அப்ப மாமா வெரதத்துல எதனா..."

"கருவாட்டுக் கொழம்பு," என்றாள் அக்கா.

"கருவாடா?" என்றேன்.

"காப்பு கட்டி இருக்கும்போதே. டிரைவர் சுப்பராயலு அண்ணன் வீட்ல. அந்த அண்ணிக்கு மரக்காணம் பக்கம். தாய் வீட்லேர்ந்து வஞ்சிரக் கருவாடு வந்திருக்குது. அன்னிக்கு சாயந்தரம் வீட்டுக்குள்ள வரும்போதே மீசையில வாசனை. நான் இன்னா மூக்கை ஊர்லயா வெச்சிட்டு வந்தேன்?"

"நீ ஒண்ணுமே கேக்கல?"

"மாரியாத்தா ஆடி மாசம் பூரா கேப்பைக் கூழு குடிச்சிக்கினு ஒக்காந்திருக்கறவ. ஒரு துண்டு கருவாட்டு ருசி அவளுக்குத் தெரியாதா? அவ கோச்சுக்க மாட்டா. இவருதான் அவளைவிட கோவக்கார சாமியா நின்னுக்கினு இருக்காரு." அக்கா குரல் இறங்கியது. "எனக்காக வேண்டிக்கினது பாரு. அது திரும்பி என் மேல வந்துடும்னு நெனைக்கறாரு. அதான் கண்ணைக் கண்ணைப் பாக்கறாரு. சொல்லவும் முடியல, காட்டவும் முடியல. இந்த மனுசனை அவருக்கே தெரியாம டாக்டரம்மாகிட்ட கொண்டு போவணும் கொளஞ்சி. ஜல்தியா."

மறுநாள் டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம். வேறு கம்பெனி பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். ஒவ்வொரு வார்த்தையும் மருந்து அளந்து ஊற்றுகிற மாதிரி வரும்.

"வேண்டுதலை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானே தீ மிதிச்சவ. கொக்கியை எதுல சுத்தம் பண்ணினாங்க?"

"எலுமிச்சம்பழத்துல குத்தி எடுத்தாங்க டாக்டர்."

"ஒருத்தருக்குக் குத்தின கொக்கியையே அடுத்தவருக்கும்?"

"ஆமாம் டாக்டர்."

"எலுமிச்சம்பழம் சாமிக்கு. கொக்கிக்குக் கொதிக்கிற தண்ணி. ரெண்டையும் பண்ணலாம், சாமி வேணாம்னு சொல்லல." பேனாவை மூடினார். "மாத்திரை எழுதிக் குடுன்னு கேக்காத. பாக்காத புண்ணுக்கு நான் மருந்து தர்றதில்ல. ஆளைக் கூட்டிக்கினு வா. சீக்கிரம். அந்த செவப்புக் கோடு மேல ஏறுதுன்னா விளையாட்டு இல்ல."

"அவரு வர மாட்டாரே டாக்டர்."

"பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னா வருவாரா?"

அங்கேதான் மூக்குத்தி பிறந்தது.

அக்காவுக்கு மூக்கு குத்தவில்லை. சின்ன வயதில் ஆசாரி ஊசியை எடுத்ததும் மல்லாட்டைக் கொல்லைக்குள், அதாவது வேர்க்கடலைக் காட்டுக்குள், ஓடி ஒளிந்தவள், இருட்டும் வரை வெளியே வரவில்லை. விழுப்புரம் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோரில் அமுக்கு மூக்குத்தி என்று ஒன்று உண்டு. ஓட்டை வேண்டாம். கிளிப் மாதிரி மூக்கைக் கவ்விக்கொள்ளும். சிவப்புக் கல் வைத்ததாகப் பார்த்து வாங்கி வந்தேன். அக்கா அதை மாட்டி, சுற்றிலும் தேங்காயெண்ணெயில் குங்குமம் குழைத்துத் தடவி, நன்றாகத் தேய்த்து, மேலே கொஞ்சம் மஞ்சளும் வைத்தாள். கண்ணாடியில் பார்த்து அவளே பயந்துவிட்டாள்.

மாமா வந்தார். பார்த்தார். பை தரையில் விழுந்தது.

"இன்னாடி இது, மூக்கா தக்காளியா?"

"மூக்கு குத்திக்கினேங்க. ஆசாரி நல்லாதான் குத்தினாரு. அதுக்கப்பறம் வீங்கிப்போச்சு."

"யாரைக் கேட்டுக் குத்தின? மூஞ்சி பூரா செவந்துகெடக்குது. ஜுரம் கீதா?" நெற்றியில் கை வைத்தார். அக்காவைவிட அவர் கைதான் கொதித்தது. "கெளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

"இதுக்கு எதுக்குங்க டாக்டரு? மஞ்ச வெச்சிருக்கறேன். ஒரு துணியால இறுக்கிக் கட்டிட்டா..."

"மஞ்ச வெச்சா ஆவுமா? இறுக்கிக் கட்டினா ஆவுமா? புண்ணுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். படிச்ச ஊர்ல இருந்துக்கினு பட்டிக்காடு மாதிரி பேசற. உள்ள சீழ் வெச்சா இன்னா ஆவும் தெரியுமா? ரணஜன்னி வரும். சின்னதுரைக்கு இன்னா ஆச்சின்னு மறந்துட்டியா?"

சொல்லிக்கொண்டே வந்தவர் சின்னதுரை பெயரில் நின்றார். கை தானாக இடது இடுப்புக்குப் போனது. பாதியில் திரும்பி வந்து தலையைச் சொறிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அக்கா அசையவில்லை. "எனக்கு ஊசின்னா பயம். நான் வர மாட்டேன்."

"இன்னாடி பேஜாரு உன்னோட. ஒரே ஒரு ஊசிடி. எறும்பு கடிக்கற மாதிரி."

"அப்ப நீங்க போட்டுக்கினு காட்டுங்க. மொதல்ல நீங்க, அப்பறம் நான்."

மாமாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. முக்கால் வண்டியும் இறங்கிவிட்ட பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம் கிடக்கப் பார்த்த கண்டக்டரின் வெளிச்சம்.

"உனக்காகப் போட்டுக்கறேன்," என்றார் பெருந்தன்மையாக. "இன்னா பண்றது. கட்டிக்கினேனே."

மறுநாள் காலை ட்ரிப்பில் மூன்று பேரும் கிளம்பினோம். மாமா டூட்டியில், நாங்கள் முன் சீட்டில். அந்த ஒரு மணி நேரத்தை நான் எந்தக் குரலிலும் சொல்ல முடியாது. முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை ஆட்கள் ஏறினார்கள். விக்கிரவாண்டியில் கூடைக்காரிகள். மாமா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வில்லாக வளைத்துக் கூட்டத்தில் நீந்தினார். நெற்றியில் வியர்வை. உதடு வெள்ளை. கூட்டேரிப்பட்டில் ஒரு அம்மாள் இறங்குகிற அவசரத்தில் கூடையைத் திருப்பினாள். கூடை விளிம்பு நேராக இடது இடுப்பில் பட்டது.

"போலா..." என்றார் மாமா. "ரைட்" வரவே இல்லை.

வண்டி நின்றபடியே நின்றது. சுப்பராயலு திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மாமா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா எழப் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்து, மாமா குரலில் "ரைட்" என்றேன். வண்டி நகர்ந்தது. அக்கா திண்டிவனம் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். குங்குமம் போடாத பக்கமும் மூக்கு சிவந்துபோனது.

திண்டிவனத்தில் அடுத்த ட்ரிப்புக்கு நேரம் இருந்தது, நேராக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அக்காவின் மூக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன நடிப்பு. கம்பெனி வைத்து நாடகம் போடலாம்.

"குத்தின எடம் எதுவா இருந்தாலும் ஒரே சட்டம்தான்," என்று அக்காவிடம் சொன்னார், மாமாவுக்குக் கேட்க. "கையை சோப்பு போட்டுக் கழுவாம தொடக் கூடாது. தண்ணியைக் கொதிக்க வெச்சு, உப்பு போட்டு, ஆறினப்பறம் அதுல கழுவணும். மஞ்ச, திருநீறு, காப்பித்தூள் எதுவும் உள்ள போடக் கூடாது. துணி உராயக் கூடாது. இறுக்கிக் கட்டவே கூடாது. காத்து படணும். புரியுதா?"

"புரியுது டாக்டர்," என்றார் மாமா.

"அவங்களைக் கேட்டேன்."

"அவளுக்கும் புரியுதுங்க."

"ரணஜன்னி ஊசி ரெண்டு பேருக்கும். நீங்க மொதல்ல. இடுப்புல போடணும். அந்தக் கட்டில்ல ஏறிப் படுங்க, பெல்ட்டைத் தளர்த்துங்க."

மாமா பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்சா, நீயும் கொளஞ்சியும் வெளிய போய்ப் பூ வாங்கிக்கினு இருங்க."

இதுவரை ஒத்திகைப்படிதான். அக்கா செருப்புச் சத்தம் கேட்க வாசல் வரை நடந்தாள். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்து, கட்டிலை மறைத்திருந்த பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். புண் எந்த நிலையில் இருக்கிறது என்று தன் காதால் கேட்காமல் அவள் வீட்டுக்கு வரமாட்டாள். என் வேலை தெருவில், அந்த அறை ஜன்னலுக்குக் கீழே.

அக்கா குரலில் ஆரம்பித்தேன். "ஏம்மா பூக்காரம்மா, மல்லி எப்படி?"

பூக்காரிக்கு ஒரு கீச்சுக் குரல் போட்டேன். "மொழம் எட்டணாம்மா. காலையில பறிச்சது."

"எட்டணாவா? விழுப்புரத்துல நாலணாக்குக் கூவிக் கூவி விக்கறாங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மாமாவின் மூச்சு தணிவது ஜன்னல் வழியாகக் கேட்டது. பெல்ட் கொக்கி கழன்றது. பிறகு டாக்டரம்மா துணியைக் கத்தரிக்கும் சத்தம்.

"இது எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"டாக்டர், மெதுவா பேசுங்க. அவளுக்குத் தெரியக் கூடாது. உங்க காலைப் புடிச்சிக்கறேன்."

"நான் சொல்ல மாட்டேன். அசையாதீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். அப்பறம் என் கையில இல்ல."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வியாபாரம் நிற்கக் கூடாது. மல்லியை முடித்துக் கனகாம்பரத்துக்கு வந்தேன். கனகாம்பரத்தில் சண்டை போட்டுவிட்டு மரிக்கொழுந்துக்குப் போனேன். ஒத்திகையில் வைத்திருந்த பூவெல்லாம் தீர்ந்தது. உள்ளே கிண்ணத்தில் கத்தரிக்கோல் விழும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சாமந்தியில் இறங்கினேன்.

அப்போது பார்த்து உண்மையான பூக்காரி ஒருத்தி கூடையோடு எதிரே வந்து நின்றாள்.

"இன்னா பொண்ணே, தனியா ரெண்டு கொரல்ல பேசிக்கினு கீற? சாமி வந்துச்சா?"

நான் வாயில் விரல் வைத்து ஜன்னலைக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், வெறுங்காலோடு நிற்கும் அக்காவைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, கூடையை இறக்கி வைத்துவிட்டாள். "சாமந்தி மொழம் ஒரு ரூபாம்மா," என்று கணீரென்று கூவினாள். பாதகத்தி, என் பூக்காரியைவிட இரண்டு மடங்கு விலை.

உள்ளே டாக்டரம்மா சொன்னார், "இதோ பாருங்க. கொக்கியோட முனை. முறிஞ்சு உள்ளயே நின்னுட்டுது. துருப்புடிச்ச இரும்பு. அது மேலயே பையும் பெல்ட்டும் இடிச்சிருக்குது. எப்படி ஆறும்?"

"கொக்கியா?" என்றார் மாமா. "அப்ப இது கருவாட்டால வந்தது இல்லியா?"

"எந்தக் கருவாடு?"

மாமா கொட்டிவிட்டார். காப்பு கட்டியது, சுப்பராயலு வீடு, வஞ்சிரம், எல்லாம். "ஒரே ஒரு நாள் டாக்டர். வாசனை இஸ்துக்கினு பூடுச்சி. இந்தப் புண்ணு எனக்கு வந்தது போவட்டும். நான் தின்ன குத்தம் அவ தலையில எறங்கிடக் கூடாது. தெனம் கண்ணைப் பாக்கறேன். திரும்ப மஞ்சளாச்சின்னா அவளுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"கருவாட்டுக்கும் கொக்கிக்கும் சம்பந்தமில்ல. அவங்க காமாலை போனது போனதுதான். நான் சொல்றேன்."

"நெஜமா அவளுக்கு ஒண்ணும் ஆவாதா டாக்டர்?"

திரைக்கு இந்தப் பக்கம் ஒரு விம்மல். சின்னதுதான். ஆனால் கேட்டுவிட்டது.

"யாரு அங்க?" மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தது எனக்குக் கேட்டது. "டாக்டர், திரைக்குப் பின்னால யாரு?"

என் உயிர் தெருவில் நின்றது. ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, அக்கா குரலை உச்சத்தில் எடுத்தேன்.

"ஏங்க, மல்லி வாங்கட்டுமா, கனகாம்பரம் வாங்கட்டுமா?"

உள்ளே டாக்டரம்மா எதையோ அழுத்தியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நெரிபட்ட சேவல் மாதிரி மாமாவின் குரல் வந்தது.

"ரெண்டும்... வாங்குடீ..."

பூக்காரி மரிக்கொழுந்தையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

மாமா வெளியே வந்தபோது அக்கா வாசலில் தலை நிறையப் பூவோடு, காலில் செருப்போடு நின்றிருந்தாள். மாமாவுக்கு நிமிர்ந்து நடக்க வந்திருந்தது. அக்காவின் இமையைப் பிடித்து இழுத்தார்.

"கண்ணு இன்னா செவந்து கீது?"

"மூக்கு வலிங்க."

"ஊசிக்கு பயந்து இப்பவே அழுதியா? நான் பாரு, சத்தம் போட்டனா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா. "கேக்கவே இல்ல."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே திருட்டு மயம். மாமா மாத்திரையைத் தோல் பையில் டிக்கெட் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அக்கா மாத்திரை நேரம் பார்த்து, "சாப்டாம போவாதீங்க" என்று வாசலை மறித்தாள். மூக்கைக் கழுவ என்று தினமும் ஒரு குண்டான் நிறைய உப்புத் தண்ணீர் கொதித்தது. அக்கா ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவாள். மாமா மீதிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, சோப்பையும் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி குளியலறைக்குள் போவார். பை வார் அறுந்துவிட்டது என்று அக்கா அதைக் குட்டையாகத் தைத்தாள். பை நெஞ்சோடு நின்றது. இடுப்பில் இடிக்கவே இல்லை. "நீங்க சதை போட்டுட்டீங்க" என்று காக்கி பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிட்டாள். துணி உராயவில்லை. ஒவ்வொன்றையும் மாமா தன் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்.

பனியனை மறுபடியும் அக்காவிடம் துவைக்கப் போட்ட அன்று, என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"கொளஞ்சி, ஒரு விசயம். உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. அவளை டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன் பாரு, அது அவளுக்காக மட்டும் இல்ல." சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு சின்னத் தழும்பு. "அவ மூக்கை வெச்சி நான் தப்பிச்சேன். உங்க அக்கா கெட்டிக்காரின்னு தெருவே சொல்லுது. என் வண்டியில ஏறி, எறங்கி, பூ வாங்கிக்கினு வந்துட்டா. எந்த ரூட்டுல போனோம்னுகூட அவளுக்குத் தெரியாது."

"நீங்க பெரிய ஆளு மாமா," என்றேன், சுப்பராயலு குரலில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். வாசனை எழுந்தது. மாமாவின் மீசை துடித்தது.

"இன்னா, கருவாடா?"

"ஆமாங்க. நீங்க சாப்ட்டு ரொம்ப நாளாச்சே."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் பிசைந்தார். ஒரு வாய். இரண்டு வாய். மூன்றாவது வாயில் நெற்றி சுருங்கியது.

"எங்கியோ சாப்ட்ட ருசியா கீதே."

"இருக்கும்," என்றாள் அக்கா. "சுப்பராயலு அண்ணிகிட்ட பக்குவம் கேட்டுக்கினு வந்துதான் வெச்சேன். அன்னிக்கு ரெண்டாம் தடவை வாங்கி ஊத்திக்கினீங்களாமே."

மாமாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அக்கா விசிறியைக் கீழே வைத்தாள். "இது வேற, நாளெல்லாம் கவ்விக்கினு," என்று முனகிக்கொண்டே மூக்கிலிருந்த சிவப்புக் கல்லை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அது டக்கென்று கையோடு வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள்.

மாமா அந்தக் கல்லைப் பார்த்தார். கிளிப்பைப் பார்த்தார். அக்காவின் மூக்கைப் பார்த்தார். வழவழவென்று, பிறந்தபோது இருந்த மாதிரி இருந்தது.

"ஓட்டை எங்கடி?"

"ஆறிப்போச்சுங்க," என்றாள் அக்கா. "உங்க இடுப்புல இருந்தது ஆறலியா, அந்த மாதிரி."

இதோ, அந்த முழி.